பாபநாசம் மலைப்பாதையில் புகைந்த கார் சக்கரம்! வீட்டிலேயே பிரேக்குக்கு சிவப்பு பெயிண்ட் அடித்ததால் வந்த வினை

சொரிமுத்து அய்யனாரை கும்பிட்டுவிட்டு கார் மலையில் இருந்து இறங்கிக் கொண்டு இருந்தது. காருக்குள் 5 பேர். அதில் ஒன்று 3 வயது பெண் குழந்தை.

"என்னமோ கருகுத வாடை வருதே" என்று முதலில் சொன்னது அம்மா.

"காட்டுக்குள்ள எவனாவது சருக எரிப்பான்" என்றான் அண்ணன். அவன்தான் காரை ஓட்டினான்.

அடுத்த வளைவில் நான் ஜன்னல் வழியாக தலையை நீட்டி எட்டிப் பார்த்தேன். பகீர் என்றது. முன்பக்கத்து இடது சக்கரத்தில் இருந்து வெள்ளையாக புகை வந்து கொண்டு இருந்தது!

அந்த சக்கரத்துக்கு உள்ளே 2 நாளைக்கு முன்னால் சிவப்பு பெயிண்ட் அடித்தது வேறு யாரும் அல்ல. நான்தான்.

ஊரில் நடக்கிற விபத்தை எல்லாம் ஓடி ஓடி எழுதுகிற நிருபர் நான். அன்றைக்கு என் குடும்பமே செய்தியாகி இருக்க வேண்டியது. அய்யனார் புண்ணியம், தப்பித்தோம்.

நான் செய்த அதே வேலையை இப்போது நெல்லையில் நிறைய வாலிபர்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து செய்கிறார்கள். அதனால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

சிவப்பு மோகம்

வண்ணார்பேட்டை பக்கம் சாயங்காலம் நின்று பாருங்கள். பளபளக்கும் அலாய் வீல் போட்ட கார்கள் போகும். கம்பி கம்பியாக இருக்கும் அந்த வீலுக்கு உள்ளே சிவப்பாக, மஞ்சளாக ஏதோ ஒன்று எட்டிப் பார்க்கும். அதற்குப் பேர்தான் காலிப்பர். பிரேக்கின் ஒரு பாகம்.

இந்த மோகம் பந்தய கார்களில் இருந்து வந்தது. இத்தாலியில் பெர்காமோ என்ற ஊருக்கு பக்கத்தில் 1961-ல் தொடங்கிய கம்பெனி பிரெம்போ. 1975-ல் இருந்து பெராரி பந்தய கார்களுக்கு பிரேக் கொடுத்து புகழ் பெற்றது. சிவப்பு காலிப்பர் என்றால் இந்த கம்பெனி ஞாபகம்தான் பலருக்கும் வரும்.

ஜெர்மனிக்காரர்களின் போர்ஷே காரில் மஞ்சள் காலிப்பர் இருந்தால், வழக்கமாக அதில் செராமிக் டிஸ்க் போட்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கே கலர் என்பது உள்ளே இருக்கும் சரக்குக்கு அடையாளம்.

நம்ம ஊரில்? உள்ளே அதே பழைய பிரேக். மேலே மட்டும் சிவப்பு!

செல்போனில் ஒரு நிமிஷ படம் ஓடும். ஒரு பையன் சக்கரத்தை கழற்றுவான், டப்பாவை குலுக்கி புஸ் புஸ் என்று அடிப்பான், முடிந்தது. என் அண்ணன் அதைப் பார்த்து மயங்கியதில் ஆச்சரியம் இல்லை. நானும் மயங்கினேன்.

காலிப்பர் என்ன செய்கிறது?

சைக்கிளில் பிரேக் பிடித்தால் இரண்டு ரப்பர் கட்டை இரண்டு பக்கமும் ரிம்மை கவ்வும் இல்லையா? அதே வேலைதான்.

கார் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுவது இரும்புத் தட்டு. அதுதான் டிஸ்க். அதை தட்டான் கையில் இருக்கும் இடுக்கி மாதிரி கவ்விப் பிடிப்பது காலிப்பர். காலிப்பருக்குள் இரண்டு பேட் இருக்கும். மிதியை மிதித்தால் பிரேக் ஆயில் அழுத்தி, பிஸ்டன் என்கிற உருளை வெளியே வந்து, பேட்டை டிஸ்க் மேல் அமுக்கும். காலை எடுத்தால் பேட் லேசாக விலகும்.

நாம் ஓட்டும் சாதாரண கார்களில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் பிஸ்டன் தள்ளும்போது, காலிப்பர் மொத்தமும் இரண்டு பின் மேல் வழுக்கி நகர்ந்து, மறுபக்கத்து பேட்டையும் இழுத்து அமுக்கும். அந்த பின் வழுக்க வேண்டும். பேட்டும் அதன் பள்ளத்தில் நகர வேண்டும். எல்லாம் ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவான நகர்வு. அந்த இடத்தில் துரு பிடித்தாலோ பெயிண்ட் உறைந்தாலோ போச்சு. பேட் விலகாது. பிரேக் பிடித்தபடியே கார் ஓடும்.

டிஸ்க் பிரேக் ஒன்றும் புதுசு அல்ல. இங்கிலாந்துக்காரர் பிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே இதற்கு காப்புரிமை வாங்கி விட்டார். 1953-ல் பிரான்சில் நடந்த லெ மான் 24 மணி நேர பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் கார் ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

நம் ஊரில் ரொம்ப காலம் அம்பாசிடர், பத்மினி கார்கள்தான். அவற்றில் டிரம் பிரேக். முன் சக்கரத்தில் டிஸ்க் என்பது பிறகுதான் பரவலாக வந்தது.

இதில் நெல்லைக்காரர்கள் பெருமைப்பட ஒரு விஷயம் உண்டு. டி.வி.எஸ். என்ற பேரை எல்லோருக்கும் தெரியும். அந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877-ல் பிறந்தது நம்ம திருக்குறுங்குடியில். 1911-ல் அவர் தொடங்கிய கம்பெனியின் வழியில் வந்ததுதான், 1962-ல் பிரிட்டன் லூகாஸ் கம்பெனியோடு சேர்ந்து சென்னை பாடியில் ஆரம்பித்த பிரேக்ஸ் இந்தியா. நாம் மிதிக்கும் பிரேக்குக்கும் நம்ம மாவட்டத்து மண்ணுக்கும் அப்படி ஒரு சொந்தம்.

வெள்ளத்தில் குளித்த கார்

எங்கள் கார் பழைய சின்ன கார். அண்ணன் இரண்டாம் கையாக வாங்கியது.

2023 டிசம்பர் 17, 18-ந்தேதிகளை நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டி மீட்டர் மழை. தாமிரபரணி கரையை உடைத்துக் கொண்டு ஊருக்குள் வந்தது. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசையே தண்ணீர் சூழ்ந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ரெயில் பயணிகளோடு நின்று போனது.

அண்ணன் வாங்கிய கார், அப்போது சிந்துபூந்துறை பக்கம் ஒரு வீட்டு வாசலில் நின்றது. பாதி சக்கரத்துக்கு மேல் சேற்றுத் தண்ணீரில் கிடந்திருக்கிறது. விற்றவர் சீட்டை மாற்றி, எஞ்சினை சுத்தம் செய்து, பாடியை பாலீஷ் போட்டுக் கொடுத்தார். விலை மலிவு. அண்ணனுக்கு சந்தோஷம்.

ஒன்றே ஒன்றுதான் அவன் கண்ணை உறுத்தியது. அலாய் வீலுக்கு உள்ளே காலிப்பர் துருப்பிடித்து செம்மண் கட்டி மாதிரி இருந்தது.

"ஏல, இதுக்கு சிவப்பு அடிச்சிட்டா துருவும் மறஞ்சிரும், காரும் சூப்பரா இருக்கும்லா" என்றான்.

துருவை மறைக்கலாம் என்ற அந்த ஒரு சொல்லில்தான் சனி பிடித்தது.

நாங்கள் செய்த கூத்து

ஒரு சனிக்கிழமை காலை. வீட்டு முற்றத்தில் மண் தரை. காரோடு வந்த சின்ன ஜாக்கியை வைத்து தூக்கினோம். ஜாக்கி மண்ணில் புதைந்தது. அடியில் இரண்டு செங்கல்லை சொருகினோம்!

இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. செங்கல் நசுங்கி கார் இறங்கி இருந்தால், உள்ளே நீட்டிய என் கை அதோடு போயிருக்கும்.

சக்கரத்தை கழற்றினோம். மண்ணெண்ணெயை துணியில் நனைத்து காலிப்பரை துடைத்தோம். வயர் பிரஷ்சால் பரபர என்று தேய்த்தோம். பறந்த கருப்பு பொடியை வாயால் ஊதினோம். டிஸ்க் மேல் மட்டும் ஒரு பழைய பேப்பரை சுற்றினோம்.

கடையில் வாங்கியது பாடிக்கு அடிக்கும் சாதா சிவப்பு ஸ்ப்ரே. ஒரே மூச்சில் சொட்டச் சொட்ட அடித்தேன். பின் எங்கே இருக்கிறது, பேட் எங்கே நகர்கிறது என்று எதுவும் தெரியாது. கண்ணில் பட்ட இடம் எல்லாம் சிவப்பு!

சாயங்காலம் சக்கரத்தை மாட்டினோம். தெருப் பையன்கள் கூடி நின்று "அண்ணே, மாஸ்ணே" என்றார்கள். அண்ணன் 10 போட்டோ எடுத்தான்.

திங்கட்கிழமை லீவு. சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு கிளம்பினோம்.

பஞ்சு மாதிரி பிரேக்

பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். பாபநாசம் வரை சுமார் 50 கிலோ மீட்டர். கார் லேசாக இடது பக்கமாக இழுத்தது. "காத்து கம்மியா இருக்கும்" என்று அண்ணன் சொன்னான். பெட்ரோல் முள் வழக்கத்தை விட வேகமாக இறங்கியது. அதையும் கவனிக்கவில்லை.

வனத்துறை சோதனைச்சாவடியை தாண்டி மலை ஏறியபோது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போதுதான் விஷயம். வளைவுக்கு வளைவு பிரேக் மிதிக்க வேண்டும். அம்மாவுக்கு வாடை வந்தது, நான் புகையைப் பார்த்தது எல்லாம் அப்போதுதான்.

"நிப்பாட்டு" என்று கத்தினேன்.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "பிரேக் பஞ்சு மாதிரி உள்ள போவுதுல" என்றான். மிதி தரையைத் தொட்டது. கார் நிற்கவில்லை.

ஒரு பக்கம் மலைச்சுவர். மறுபக்கம் பள்ளம். மதினி குழந்தையை மடியில் அமுக்கிக் கொண்டு "அய்யனாரே" என்று அலறினாள்.

அண்ணன் ஒரு காலத்தில் லோடு வண்டி ஓட்டியவன். அந்த அனுபவம்தான் காப்பாற்றியது. மூன்றில் இருந்த கியரை இரண்டுக்கு இறக்கினான். எஞ்சின் உறுமியது, வேகம் தணிந்தது. பிறகு ஒன்று. ஹாண்ட் பிரேக்கை கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தான். ஹாண்ட் பிரேக் பின் சக்கரத்து டிரம்மை கம்பி வழியாக பிடிப்பது. ஆயில் கொதித்தாலும் அது வேலை செய்யும். மலைச்சுவர் ஓரமாக கார் உரசி நின்றது.

நான் குதித்து ஓடி சக்கரத்துக்கு கல்லை வைத்தேன். கை நடுங்கியது.

பின்னால் வந்த வேன் நின்றது. நான் தண்ணீர் பாட்டிலோடு சக்கரத்துக்கு போனேன். வேன் டிரைவர் ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"தம்பி, ஊத்திராதீங்க! சுடுத டிஸ்க்குல பச்சத்தண்ணி பட்டா கோணிக்கிடும், வெடிச்சாலும் வெடிக்கும். அதுவா ஆறட்டும்."

அம்மா, மதினி, குழந்தை மூவரையும் வேனில் ஏற்றிக் கொண்டு போய், விக்கிரமசிங்கபுரத்தில் இருந்து ஒரு மெக்கானிக்கையும் பைக்கில் அனுப்பி வைத்தார் அந்த மகராசன்.

மெக்கானிக் சொன்ன தீர்ப்பு

மெக்கானிக் அண்ணாச்சிக்கு 60 வயது இருக்கும். சக்கரத்தை கழற்றியதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். காலிப்பரில் சிவப்பு பெயிண்ட் கருத்துப் போய் அப்பளம் மாதிரி கொப்பளித்து நின்றது.

"யாரு அடிச்சது?"

"நான்தான் அண்ணாச்சி."

"கழட்டிப் பாத்தீயளா?"

"இல்ல."

அவர் ஸ்குரூ டிரைவரை வைத்து பேட்டை நெம்பினார். வரவில்லை. சுத்தியலால் தட்டித்தான் எடுத்தார். பிறகு ஒவ்வொன்றாக காட்டினார்.

முதலாவது, பேட் உட்காரும் பள்ளத்தில் என் பெயிண்ட் கட்டியாக உறைந்து பேட்டை இறுக்கி இருந்தது.

இரண்டாவது, வழுக்கும் பின்னை மூடி இருக்கும் ரப்பர் உறை கிழிந்து கிடந்தது. என் வயர் பிரஷ் செய்த வேலை. உள்ளே பின் முழுக்க துரு. வெள்ளத்துச் சேறு காய்ந்து பொடியாக கொட்டியது.

மூன்றாவது, பிரேக் ஆயில். டீ டிக்காஷன் மாதிரி கருத்து இருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு யாரும் மாற்றவே இல்லை.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் சாமான். டாட்-4 என்ற ரகம் புதுசாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரிக்கே கொதித்து விடலாம். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கொதித்தால் குழாயில் ஆவி குமிழி கட்டும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த மிதி எல்லாம் குமிழியை அமுக்கவே சரியாகப் போகும். பேட்டுக்கு அழுத்தம் போகாது. அண்ணன் சொன்ன "பஞ்சு" அதுதான்.

அண்ணாச்சி கடைசியாக சொன்னது எனக்கு மறக்கவில்லை:-

"பெயிண்ட் மேல குத்தம் இல்ல தம்பி. துரு வெளிய தெரிஞ்சா எவனாவது ஒருத்தன் பாத்து, கழட்டிப் பாருடேன்னு சொல்லி இருப்பான். நீங்க அதுக்கு சிவப்புச் சட்டை போட்டு விட்டுட்டீங்க. சீக்காளிக்கு பவுடர் பூசின மாதிரி."

அப்படியானால் பெயிண்டே அடிக்கக்கூடாதா?

அடிக்கலாம். அண்ணாச்சியே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, பக்கத்தில் நின்று எங்களைக் கொண்டே இரண்டாம் தடவை செய்ய வைத்தார். ரப்பர் உறை, பின், பேட், ஆயில் எல்லாம் புதுசு. அதற்கு அப்புறம்தான் பெயிண்ட் டப்பாவையே தொட விட்டார். பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் தரை. சிமெண்ட் தளம் அல்லது கெட்டியான சமதரை வேண்டும். ஹாண்ட் பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. சக்கர நட்டை கார் தரையில் இருக்கும்போதே லேசாக தளர்த்த வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கியதும் கெட்டியான ஸ்டாண்டில் காரை உட்கார வைக்க வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் கூடவே கூடாது. கழற்றிய சக்கரத்தை காருக்கு அடியில் படுக்க வைத்தால் இன்னும் ஒரு பாதுகாப்பு.

அடுத்து சுத்தம். பாதி வேலை இதுதான். கருப்பு பொடியை ஊதக்கூடாது. ஏர் பம்பும் பிடிக்கக்கூடாது. பழைய காலத்து பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது உண்டு. அது நுரையீரலுக்கு எமன். மூக்கை மூடிக்கொண்டு ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல் எதுவும் பிரேக் பக்கம் போகக்கூடாது. பிரேக்கில் இருக்கும் ரப்பர் சீல் எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். அதற்கென்று பிரேக் கிளீனர் என்று ஸ்ப்ரே விற்கிறது. அது பற்றி எரியும் சாமான். பீடி, சிகரெட் பக்கத்தில் ஆகாது.

துருவை வயர் பிரஷ், உப்புத்தாள் வைத்து எடுக்கலாம். ரப்பர் இருக்கும் இடத்தில் பிரஷ் போகக்கூடாது. கையாலும் துணியாலும்தான். துரு உள்ளே அரித்து குழி விழுந்திருந்தால் அந்த காலிப்பரை மெக்கானிக்கிடம் கொண்டு போக வேண்டியதுதான். பெயிண்டுக்கு அங்கே வேலை இல்லை.

அடிக்கக்கூடாத இடங்கள்

எங்கே அடிப்பது என்பதை விட எங்கே அடிக்கக்கூடாது என்று தெரிந்து கொள்வதுதான் முக்கியம். அண்ணாச்சி விரல் விட்டு எண்ணிக் காட்டினார்:-

பிஸ்டன், அதைச் சுற்றி இருக்கும் ரப்பர் உறை. வழுக்கும் பின்கள், அவற்றின் ரப்பர். பேட் உட்காரும் பள்ளம், பேட். டிஸ்க்கின் முகம். ஆயில் வரும் ரப்பர் குழாய், அது இணையும் இடம். காற்று எடுக்கும் நிப்பிள். இன்னொன்று, சக்கரம் வந்து உட்காரும் முகம். அங்கே பெயிண்ட் தடிமனாக இருந்தால் நட்டு இறுக்கியும் நாளாவட்டத்தில் தளரும்.

இத்தனையையும் மாஸ்கிங் டேப் ஒட்டி மூடினோம். டிஸ்க்கை பிளாஸ்டிக் பை போட்டு கட்டினோம். இதற்கே ஒரு மணி நேரம் ஆனது. பெயிண்ட் அடித்தது கால் மணி நேரம்தான்!

காலிப்பரை கழற்றி செய்வது என்றால் ஆயில் குழாயில் அதை தொங்க விடக்கூடாது. கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வைக்க வேண்டும். குழாயை கழற்றிவிட்டால் உள்ளே காற்று புகும். பிறகு காற்று எடுக்கத் தெரிந்த மெக்கானிக் கட்டாயம் வேண்டும்.

பெயிண்ட், சூடு தாங்கும் காலிப்பர் பெயிண்டாக இருக்க வேண்டும். மலை இறக்கத்தில் டிஸ்க்கின் சூடு 300 டிகிரியை தாண்டலாம். காலிப்பர் அவ்வளவு சூடு ஆகாது என்றாலும் சாதா பெயிண்ட் தாக்குப் பிடிக்காது. நான் அடித்தது கொப்பளித்ததே சாட்சி. டப்பாவில் எத்தனை டிகிரி என்று போட்டிருப்பதை படித்து வாங்க வேண்டும்.

பிரஷ்சால் அடிப்பது நல்லது என்றார் அண்ணாச்சி. ஸ்ப்ரே கண்ட இடத்துக்கும் போகும். பிரஷ் சொன்ன இடத்துக்குத்தான் போகும். மெல்லிசாக ஒரு கை. காய்ந்ததும் இன்னொரு கை. மொத்தம் இரண்டு, மூன்று. ஒரேயடியாக தடியாக அடித்தால் மேலே காயும், உள்ளே காயாது.

பிரேக் ஆயில் பெயிண்டை அரித்து உரித்துவிடும். கையில் ஆயில் இருந்தால் சுத்தமாக கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். பாடியில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் விட்டு கழுவ வேண்டும்.

வழுக்கும் பின்னுக்கு பிரேக்குக்கு என்று விற்கும் சிலிக்கான் கிரீஸ்தான். வண்டிக்கு போடும் மஞ்சள் கிரீஸ் ரப்பரை கெடுத்துவிடும்.

எடுத்ததும் மிதிக்காதே, மிதித்துவிட்டு எடு!

எல்லாம் முடிந்து ஒரு நாள் முழுக்க காய விட்டோம். அண்ணன் சாவியை எடுத்ததும் அண்ணாச்சி ஒரு அதட்டு போட்டார்.

"வண்டிய எடுக்கதுக்கு முன்னால பிரேக்க நாலஞ்சு தடவ மிதிச்சுப் பாரும் வே!"

காரணம் இருக்கிறது. புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளி இருப்பார்கள். முதல் மிதி வெறுமனே தரைக்குப் போகும். அது தெரியாமல் காரை கிளப்பினால் முதல் திருப்பத்திலேயே முட்ட வேண்டியதுதான். மிதித்து மிதித்து, மிதி கல் மாதிரி கெட்டி ஆன பிறகுதான் எடுக்க வேண்டும்.

சக்கர நட்டை எதிர் எதிராக, நட்சத்திரம் போடுவது போல மாறி மாறி இறுக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓடியதும் மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பார்ப்பது நல்லது. ஆள் இல்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டி, பிடித்துப் பார்த்து, நிறுத்தி, சக்கரத்துக்கு பக்கத்தில் கையை கொண்டு போக வேண்டும். தொடக்கூடாது. ஒரு சக்கரம் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் ஒட்டிக் கொண்டு இருக்கிறது என்று அர்த்தம்.

போலீஸ் பிடிக்குமா?

இதையும் பலர் கேட்கிறார்கள். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. ஆர்.சி.யில் பாடி கலர் உண்டு. காலிப்பர் கலர் கிடையாது. எனவே சிவப்பு காலிப்பரால் வம்பு இல்லை.

ஆனால் அதே சட்டத்தின் 190-வது பிரிவை பாருங்கள். ஆபத்தான கோளாறு உள்ள வண்டியை ஓட்டினால் குற்றம். கோளாறு தெரியாது என்று தப்பிக்கவும் முடியாது. சாதாரணமாக கவனித்தாலே தெரிந்திருக்கும் என்றால் அதுவும் குற்றம்தான். பெயிண்ட் அடித்த மறுநாள் பிரேக் பிடிக்காமல் எவன் மேலாவது ஏற்றினால், "நான் அழகுக்குத்தான் அடித்தேன்" என்று கோர்ட்டில் சொல்ல முடியுமா?

இன்னும் ஒரு வேண்டுகோள். பிரேக் கழுவிய அழுக்கு, பழைய பிரேக் ஆயில், தின்னர் இவற்றை சாக்கடையிலோ ஆற்றிலோ கொட்டாதீர்கள். காரை படித்துறையில் இறக்கி கழுவுகிற வழக்கமும் வேண்டாம். நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிதண்ணீர் தருவது இந்த தாமிரபரணிதான். பழைய ஆயிலை டப்பாவில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

வெள்ளத்து கார் வாங்கியவர்களே!

2023 வெள்ளத்தில் நனைந்த கார்கள் இன்னும் கைமாறிக் கொண்டுதான் இருக்கின்றன. வாங்கியவர்கள் சீட்டில் நாற்றம் வருகிறதா, எஞ்சின் ஓடுகிறதா என்று பார்த்ததோடு நிறுத்திவிட வேண்டாம். நாலு சக்கரத்தையும் கழற்றி பிரேக்கை ஒரு தடவை மெக்கானிக்கை பார்க்கச் சொல்லுங்கள். பின் டிரம்மையும் திறக்க வேண்டும். சேறு அங்கேயும் தங்கும். பிரேக் ஆயிலை கட்டாயம் மாற்றுங்கள்.

அதில் எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு சிவப்போ மஞ்சளோ உங்கள் இஷ்டம். பெயிண்ட் துருவை தடுக்கவும் செய்யும்.

எங்கள் கார் இப்போது நன்றாக ஓடுகிறது. உள்ளே காலிப்பர் சிவப்பாகத்தான் இருக்கிறது. அண்ணன் ஆசை நிறைவேறிவிட்டது.

போன வாரம் மறுபடியும் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு போனோம். இறங்கும்போது கார் இரண்டாவது கியரில்தான் வந்தது. சோதனைச்சாவடி வந்ததும் அண்ணன் ஓரம் கட்டி இறங்கி, நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"என்னய்யா, சுடுதா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லம்மா, வெதுவெதுன்னு இருக்கு. நாலும் ஒண்ணு போல."

அம்மா அப்புறம்தான் முந்தானையில் முடிந்து வைத்திருந்த திருநீறை எடுத்து குழந்தை நெற்றியில் பூசினாள்.